சங்கம் வேறு ஆள்

அவள்மேல் எனக்குப் பொறாமை வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சிவகாசியில் ஒரு பத்திர எழுத்தரின் கடையில், பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். எனக்கு முப்பத்திரண்டு வயது. மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் வீட்டுக்காரர் ஒரு அச்சாபீசில் மெஷின் ஓட்டினார். அவள் எங்கள் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பு எடுத்தாள். என்னைவிட ஆறு வயது இளையவள், கல்யாணம் ஆகாதவள். பிள்ளைகளுக்கு நான் பெரிய டீச்சர், அவள் சின்ன டீச்சர். அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

யோசனை என்னுடையது. இதை இப்போதும் அழுத்திச் சொல்வேன். என் வகுப்பில் பாதிப் பெண் பிள்ளைகள் வாரத்தில் மூன்று நாள் வராது. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விடுவாள், கைக்குழந்தையை இந்தப் பிள்ளை இடுப்பில் வைத்துக்கொண்டு திரியும். ஒருநாள் ஒருத்தி தம்பியையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டாள். பெஞ்சுக்கு அடியில் துணி விரித்துப் படுக்க வைத்தாள். பிள்ளையின் வாயோரம் சிவப்பாக இருந்தது. வீட்டில் கிடந்த தீக்குச்சியை எடுத்துச் சப்பியிருக்கிறது. வாயைக் கழுவிவிட்டு, அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டின்போது சின்ன டீச்சரிடம் சொன்னேன்.

"இந்தக் கைப்பிள்ளைகளைப் பகல்ல பாத்துக்கிட ஒரு இடம் இருந்தா, பெரிய பிள்ளைக ஒழுங்காப் பள்ளிக்கூடம் வரும்லா?"

அவள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "செஞ்சிருவோம்க்கா" என்றாள். கடையில் அரைக் கிலோ புளி வாங்கிவிடுவோம் என்பதுபோல. நானாக இருந்தால் அந்தப் பேச்சு அந்தச் சாப்பாட்டோடு முடிந்திருக்கும். எனக்குச் சொல்லத் தெரியும், தொடங்கத் தெரியாது. அவளுக்குத் தொடங்குவது மூச்சு விடுகிற மாதிரி.

இடத்தைப் பிடித்ததும் நான்தான். அச்சாபீசுகளுக்குக் காகிதம் வாங்கி விற்கிற அண்ணாச்சி ஒருவருக்கு ஒரு பழைய கிட்டங்கி இருந்தது. காகிதக் கட்டு அடுக்கி வைக்கிற இடம், இரண்டு பெரிய அறை, ஓட்டுக் கூரை, பின்னால் ஒரு குழாய். சரக்கையெல்லாம் அவர் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார். என் வீட்டுக்காரர் மூலமாக விஷயம் தெரிந்து, நானே போய்க் கேட்டேன். "சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குன்னு சொல்லுறீக. சும்மாக் கெடக்கதுக்கு அதுக்காச்சும் ஆவட்டும்" என்று வாடகையைக் குறைத்தே சொன்னார்.

ஆக, யோசனை என்னது, இடம் என்னது. பத்திர எழுத்தர் கடையில் முத்திரைத்தாளை விரித்துவிட்டு அவர் கேட்டார்:

"வாடகைக்கு எடுக்கது யாரு? பேரைச் சொல்லுங்க."

"நாங்க தொடங்கப்போற பள்ளிக்கூடம் பேருல எழுதுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பள்ளிக்கூடம் வந்து கையெழுத்துப் போடுமா, டீச்சர்? நாளைக்கு ஓடு ஒடஞ்சு போச்சு, வாடகை நின்னு போச்சுன்னா அண்ணாச்சி யாரைப் போய்க் கேப்பாக? செவுத்தையா? பதிவு பண்ணின சங்கம், கம்பெனின்னா அது பேருல எழுதலாம். ஒங்களுக்கு அது ஒண்ணும் கெடையாது. அப்ப ஒரு ஆளு வேணும்."

முந்தின நாள் என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். "ஒத்தாசை செய்யி, வேண்டாம்னு சொல்லல. கையெழுத்து மட்டும் போட்டுறாத. வில்லங்கம்னு வந்தா கோர்ட்டு வாசல்ல நிக்கப்போறது நான்தான்." அதனால் நான் தரையைப் பார்த்தேன். தரையில் மை கொட்டி ஊறிய கறை ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் பேர்ல எழுதுங்கய்யா" என்றாள் அவள். "ஏன் போட்டன்னு கேக்க எனக்கு வீட்டுல யாரு இருக்கா?"

எழுதினார். பதினோரு மாதத்துக்கு என்று போட்டால் பதிவு செய்ய வேண்டியதில்லை, அப்புறம் மாதா மாதம் வாடகை கொடுத்துக்கொண்டு அப்படியே இருந்துகொள்ளலாம் என்று விளக்கமும் சொன்னார். அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். அண்ணாச்சி எழுந்து நின்று அவளைப் பார்த்து, "சரிம்மா, இனி அது ஒங்க இடம். நல்லபடியா நடத்துங்க" என்று கும்பிட்டார். நேற்றுவரை என்னோடு மட்டும் பேசிய மனுஷர். என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த நிமிஷம் வாய்க்குள் ஏதோ திரிந்த பால் குடித்த மாதிரி இருந்தது. கையெழுத்துப் போடாமல் தலையைக் குனிந்தது நான்தான் என்பது எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்ததால் பொறாமை குறையவில்லை, கூடியது.

பதினைந்து பிள்ளைகளோடு தொடங்கினோம். ஆறு மாதத்தில் நாற்பதாயிற்று. அவள் மிஷன் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் அங்கேயே இருந்தாள். எனக்கு அது முடியாது. என் சம்பளம் இல்லாவிட்டால் வீடு ஓடாது. காலையில் பள்ளிக்கு முன் ஒரு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், சனிக்கிழமை முழுநாள் என்று போய் வேலை செய்தேன். தூளி கட்டினேன், பேன் பார்த்தேன், கண் பீளை துடைத்தேன். தீப்பெட்டி ஒட்டுகிற பசையில் மயில்துத்த விஷம் கலந்திருக்கும், கையைக் கழுவாமல் பிள்ளைக்குச் சோறு ஊட்டக்கூடாது என்று தாய்மாருக்கு ஒவ்வொருத்தியாகச் சொன்னது நான். ஆனால் ஊரில் அதற்குப் பெயர் 'சின்ன டீச்சர் பள்ளிக்கூடம்'. "சின்ன டீச்சர் பள்ளிக்கூடத்துல விட்டிருக்கேன்" என்று தாய்மார் என்னிடமே வந்து சொல்வார்கள், எனக்கு அது என்னவென்று தெரியாத மாதிரி.

ஒரு தடவை அரசாங்க அதிகாரிகள் யாரோ பார்க்க வந்தார்கள். கூட ஒரு போட்டோக்காரரும் வந்தார். அவளை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். நான் அப்போது ஒரு பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். பிரதி வந்தபோது பார்த்தேன். படத்தின் வலது ஓரத்தில் ஒரு முழங்கையும் இரண்டு கண்ணாடி வளையலும் தெரிந்தன. அது நான். அவள் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். "அக்கா, நீங்க விழலையே" என்று அவள் வருத்தப்பட்டாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள். அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

மாதா மாதம் வாடகையை அண்ணாச்சி வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வீடு அடுத்த தெரு. ரசீதை அண்ணாச்சி என் கையில்தான் கொடுப்பார். அதில் அவள் பெயர் எழுதியிருக்கும். நடந்து வருகிற வழியில் அந்தப் பெயரை ஒவ்வொரு மாதமும் வாசிப்பேன். வாசிக்காமல் மடித்து வைத்திருக்கலாம். முடிந்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்து, இந்த மாதிரி இடங்களுக்கு அரசாங்க மானியம் உண்டு என்று தெரியவந்தது. பிள்ளைகளுக்குப் பால், ஒரு ஆயாவுக்குச் சம்பளம். ஆனால் பதிவு செய்த அமைப்பாக இருந்தால்தான் தருவார்கள். விருதுநகரில் ஒரு வக்கீல் இருந்தார், வயதானவர், ஏழைபாழைகளிடம் பீசு கேட்கமாட்டார். இருவரும் பஸ் ஏறிப் போனோம்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் கூட்டு வியாபாரம்னு பத்திரம் எழுதிக்கிட முடியாது. அது லாபத்தைப் பங்கு போடுறவுகளுக்கு. ஒங்களுக்கு லாபம் ஏது?" என்றார். "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு டிரஸ்ட். இந்தப் பொண்ணு ஒரு பத்திரம் எழுதி, பொறுப்பாளர் யார் யாருன்னு போட்டுப் பதிவு பண்ணிறலாம். சுருக்கமான வேலை. இன்னொண்ணு சங்கம். அதுக்குக் கொறஞ்சது ஏழு பேர் வேணும். குறிக்கோள் எழுதணும், விதி எழுதணும், வருசா வருசம் கூட்டம் போடணும், தீர்மானம் எழுதணும். சொத்து ஏதும் வந்தா அது சங்கத்துக்குச் சொந்தம், ஆளுக்குச் சொந்தமில்ல."

அவள் டிரஸ்ட் போதும் என்று நினைத்தாள். ஏழு பேரைத் தேடி, கூட்டம் போட்டு, யாருக்கு நேரமிருக்கிறது என்றாள். நான்தான் பேசினேன். "எல்லாத்தையும் ஒரு ஆளு கையில வச்சா நாளைக்கு ஊரு ஒரு பேச்சுப் பேசும். சங்கமா இருக்கதுதான் நியாயம்" என்றேன். வக்கீல் தலையாட்டினார், "இந்த அம்மா சொல்லுறதுதான் நல்லது" என்றார். நான் சொன்னது நல்ல யோசனைதான். ஆனால் அதை நான் சொன்ன காரணம் வேறு. சங்கமென்று ஆகிவிட்டால் அது அவளுடையதாக இராது. எனக்கு அது போதும்.

விதிகளைப் பிரதி எடுக்க, குமாஸ்தாவோடு அவள் அடுத்த அறைக்குப் போயிருந்தாள். வக்கீல் என்னிடம், "கட்டடம் சொந்தமா, வாடகையா?" என்று கேட்டார். வாடகை, அவள் பேரில் இருக்கிறது என்றேன்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க. சங்கம் பதிவானவுடனே கட்டடத்துச் சொந்தக்காரர்கிட்ட, இனிமே சங்கம் இங்க இருக்கதுக்குச் சம்மதம்னு எழுத்துல வாங்கிருங்க. இல்லேன்னா வாடகைச் சீட்டைச் சங்கம் பேருக்கு மாத்தி எழுதிருங்க. சட்டத்துக்கு அந்தப் பொண்ணு ஒரு ஆளு, சங்கம் வேற ஆளு. ஒரு ஆளுக்கு விட்ட கட்டடத்துல இன்னொரு ஆளை வச்சா அது உள்வாடகை. எழுத்துச் சம்மதம் இல்லாம உள்வாடகை விட்டா, காலி பண்ணுன்னு அவர் மனுப் போடலாம். மறந்துறாதீக."

"மறக்க மாட்டேன்" என்றேன். மறக்கவும் இல்லை.

பஸ்ஸில் வரும்போது சொல்லியிருப்பேன். ஆனால் அவள் முந்திக்கொண்டு, "அக்கா, சங்கத்துக்குச் செயலாளர் நீங்கதான் இருக்கணும். தொடங்கினதே நீங்கதானே" என்றாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஊர் வரும்வரை அந்த நினைப்பிலேயே இருந்தேன். எழுத்துச் சம்மதம் வாங்குவதுதான் செயலாளராக நான் செய்யும் முதல் வேலை என்றுகூட நினைத்தேன்.

ஏழு பேரைச் சேர்த்தோம். நாங்கள் இருவர், மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, அச்சாபீஸ் முதலாளி ஒருவரின் மனைவி, எங்கள் பள்ளித் தலைமையாசிரியை, தாய்மாரில் இரண்டு பேர். முதல் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிட்டங்கியிலேயே நடந்தது. செயலாளர் யார் என்று வந்ததும் முதலாளியின் மனைவி, "இதுல பேச என்ன இருக்கு? சின்ன டீச்சர்தான். அம்புட்டு வேலையும் அவுகதானே பாக்காக" என்றாள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அவள் மட்டும் என்னைப் பார்த்தாள். "அக்கா இருக்கட்டும்னு நான் நெனச்சேன்" என்றாள்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சரி என்று சொல்லியிருக்கலாம். எனக்கு எங்கிருந்தோ ஒரு பெருந்தன்மை வந்தது. "இல்ல இல்ல, நீயே இரு. எனக்கு எங்க நேரம்?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் இரண்டாவது தடவை கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். ஏழு கையெழுத்தில் என்னுடையது ஏழாவது.

அன்றைக்கு வக்கீல் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. செயலாளர் அம்மாவுக்குத் தெரியாததா, அவளே விசாரித்துக்கொள்ளட்டும் என்று மனசுக்குள் ஒரு குரல். ஒரு வாரம் போனபின், இத்தனை நாள் கழித்துச் சொன்னால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாளே என்று ஒரு தயக்கம். ஒரு மாதம் போனபின் அது என் வேலையே இல்லை என்று ஆகிவிட்டது. சங்கத்தின் பேர்ப்பலகை வாசலில் ஏறியது.

அடுத்த வருஷம் ஆடி மாதம் வாடகை கொடுக்கப் போயிருந்தேன். அண்ணாச்சி வெளியே போயிருந்தார். அவர் மனைவி காப்பி கொடுத்தாள். காலண்டர் சீசன் தொடங்குகிற நேரம், எங்கு பார்த்தாலும் ஆர்டர் பேச்சுத்தான். மூத்த மருமகன் புதிதாக அச்சாபீஸ் போடப் போகிறான், மெஷின் இறக்க இடம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அங்கன போர்டுல சங்கம்னு எழுதியிருக்கே, அது என்னது? சின்ன டீச்சர் பள்ளிக்கூடம்தானே அது?" என்று கேட்டாள்.

நான் காப்பியைக் கீழே வைத்தேன். "அது இப்ப அவ பள்ளிக்கூடம் இல்லக்கா. சங்கத்தோடது. வாடகைச் சீட்டுதான் அவ பேர்ல இருக்கு. உள்ள இருக்கது சங்கம். சட்டப்படி பாத்தா அவ வேற, சங்கம் வேற" என்றேன்.

அது அவள் பள்ளிக்கூடம் இல்லை. அதைச் சொல்லத்தான் சொன்னேன். யாராவது ஒருவராவது அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மூன்று வருஷமாகத் தவித்திருக்கிறேன். சொன்னதும் சுகமாக இருந்தது. மருமகனுக்கு இடம் வேண்டும் என்று அண்ணாச்சியின் மனைவி அதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் சொன்னது என் காதில் விழாமலில்லை. விழுந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு என் பள்ளிக்கே ஓடி வந்தாள். வகுப்பு வாசலில் நின்று வாசித்தோம். அண்ணாச்சியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கட்டடத்தை மூன்றாம் ஆளான சங்கத்துக்கு உள்வாடகைக்கு விட்டிருப்பதால் காலி செய்ய வேண்டும் என்றிருந்தது. தவறினால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போடப்படும்.

"மூணாம் ஆளா? நாமதானேக்கா சங்கம்? நான் யாருக்கு உள்வாடகை விட்டேன்?" என்றாள் அவள். "இப்படி ஒரு சட்டம் இருக்கது ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

அவள் நேரே அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தாள். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "எங்க வக்கீல் சொல்லுறபடி நடக்கேன்மா. எனக்கும் இடம் தேவை இருக்கு" என்று மட்டும் சொன்னாராம். மனு போட்டுவிட்டார். எங்கள் விருதுநகர் வக்கீலிடம் திரும்பவும் போனோம். வழியெல்லாம், அவர் மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். எத்தனை கட்சிக்காரர்களைப் பார்க்கிறவர், எழுபது வயது.

அவர் மனுவை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, எழுத்துல வாங்குங்கன்னு. வாங்கலையா?"

"எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையேய்யா" என்றாள் அவள்.

"நீ உள்ள பிரதி எடுத்துக்கிட்டு இருந்த. இந்த அம்மாகிட்டச் சொன்னேன். மறக்க மாட்டேன்னு சொன்னாகளே."

அவள் என் பக்கம் திரும்பினாள். வக்கீல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு அதைப்பற்றிப் பேசாமல் சட்டத்துக்குப் போய்விட்டார். எதிர்த்து வாதாடலாம், நீதானே இன்னும் கூடவே இருந்து நடத்துகிறாய், இடத்தை வேறு ஒருவர் கையில் விட்டுவிட்டுப் போகவில்லையே என்று சொல்லலாம், வழக்கு மேலே மேலே போய் வருஷக்கணக்கில் இழுக்கும், முடிவு எப்படி வருமென்று உறுதி சொல்ல முடியாது என்றார். அவள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

பஸ் நிலையத்தில் சிவகாசி பஸ்ஸுக்காக நின்றோம். வெயில். அவள் குடை வைத்திருந்தாள். எப்போதும் என் தலைக்கும் சேர்த்துப் பிடிப்பவள் அன்றைக்குத் தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா சொல்லல?"

"மறந்துட்டேன்."

"மறக்கலைன்னு ஒங்க மூஞ்சி சொல்லுது."

எனக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவளுக்கு வருகிற கோபம். "ஊர்ல எல்லாரும் ஒன் பேரைத்தான் சொல்லுறாக. சின்ன டீச்சர், சின்ன டீச்சர்னு. நான் ஒருத்தி இருக்கது யாருக்காச்சும் தெரியுமா? யோசனை யாரோடது? எடம் யாரு பிடிச்சா?" என்றேன். அண்ணாச்சியின் மனைவியிடம் சொன்னதையும் அந்த வேகத்திலேயே கொட்டிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கத்தவில்லை. "கேஸும் என் பேர்லதான் இருக்கு. அதையும் ஒங்க பேருக்கு மாத்திக்கிடுறீகளா?" என்று கேட்டாள்.

பஸ் வந்தது. ஏறினோம். வேறு வேறு ஸீட்டில் உட்கார்ந்தோம்.

அவள் கோர்ட்டில் மல்லுக்கட்டவில்லை. நாற்பது பிள்ளைகளை விட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா சாத்தூர் கோர்ட்டுக்கு அலைய முடியாது என்றாள். இரண்டு தரப்பு வக்கீலும் பேசினார்கள். பொங்கல்வரை இருந்துகொள்ளலாம், அதற்குள் காலி செய்துவிட வேண்டும் என்று அதிகாரி முன்னால் எழுதிக் கொடுத்தாயிற்று. ஒருநாள் மட்டும் சாத்தூருக்குப் போய்வந்தாள். தனியாகத்தான். நான் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள்.

அவசரக் கூட்டம் போட்டார்கள். அவள் என்னைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்மதம் வாங்காதது தன் தவறு என்றே சொன்னாள். அதைக் கேட்டபோது அவளை இன்னும் வெறுத்தேன், கடவுள் மன்னிக்கட்டும். என்னைவிட நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொள்கிறாள் என்று தோன்றியது. அந்தக் கடுப்பில்தான் எழுந்தேன். வக்கீல் என்னிடம் சொன்னது, நான் அதை மறைத்தது, அண்ணாச்சி வீட்டில் பேசியது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நர்ஸ், "ஒங்க மனசுல இம்புட்டு இருந்துச்சா டீச்சர்?" என்றாள். சங்கத்தைவிட்டு நீக்கிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். தலைமையாசிரியை, "சரி, இடம் யாரு தேடப்போறா? அதைப் பேசுங்க" என்றார்.

நான் தேடினேன். தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் சிவகாசியில் காலி இடம் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஒரு சந்து விடாமல் வெடிச் சரக்கு, லோடு லாரி. பிள்ளைகள் இருக்கப்போகிற இடம் என்பதால் பக்கத்தில் வெடிமருந்துச் சரக்கு வைக்கிற கிட்டங்கி இருக்கக்கூடாது. அதனால் பாதி இடம் கழிந்துபோயிற்று. மீதியில், கைப்பிள்ளைகள் என்றதும் பாதிப் பேர் கதவை அடைத்தார்கள். கார்த்திகை மாதக் கடைசியில், வெம்பக்கோட்டைச் சாலையில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரின் வீடு கிடைத்தது. முன்பாதியைத் தருவதாகச் சொன்னார்.

இந்தத் தடவை நான் யாரையும் எழுத விடவில்லை. வக்கீலிடம் நாலு தடவை போய்க் கேட்டு, ஒவ்வொரு வரியாக நானே நகல் எழுதினேன். வாடகைக்கு எடுப்பது இன்ன சங்கம். கையெழுத்திடுபவர் சங்கத்துக்காகச் செயலாளர் என்ற முறையில் இடுகிறார். செயலாளர் மாறினாலும் இந்தச் சீட்டு செல்லும். கூரை, சுவர் ரிப்பேர் வீட்டுக்காரர் பொறுப்பு. காலி செய்யச் சொன்னால் இத்தனை மாத அவகாசம். வாத்தியார் அதை வாசித்துவிட்டு, "இது எந்த வக்கீல் எழுதினது?" என்று கேட்டார். "எங்க பெரிய டீச்சர் எழுதினது" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

அவள் செயலாளராகக் கையெழுத்துப் போட்டாள். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். என் வீட்டுக்காரர் இந்தத் தடவை தடுக்கவில்லை. பொறாமை அன்றோடு தீர்ந்தது என்று எழுத ஆசைதான். சாட்சிக் கையெழுத்துப் போடும்போதும் மேலே இருந்த அவள் கையெழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். அது எப்போதும்போல உருண்டையாக, அழகாக இருந்தது.

அதன்பிறகு மூன்று வருஷம் ஒரே கூரையின்கீழ் வேலை செய்தோம். பேசிக்கொள்வோம், பால் பவுடர் தீர்ந்தது, ஆயா வரவில்லை என்கிற பேச்சு. அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். டீச்சர் என்றாள். என் வீட்டுக்கு அவள் வரவில்லை. என் மகளுக்கு அம்மை போட்டபோது மட்டும் ஆயா கையில் இளநீர் கொடுத்தனுப்பினாள்.

முப்பது தாண்டி அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பாளையங்கோட்டைப் பக்கம் ஆசிரியர். அவள் போனபின் கூட்டத்தில் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. மானியக் கடிதம், வருஷக் கணக்கு, தீர்மானம், பிள்ளைகளுக்குக் காய்ச்சல், தாய்மார் சண்டை. நாற்காலியில் உட்கார்ந்தபின் அதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை என்று தெரிகிறது. அவள் போன ஊரில் என்ன செய்கிறாளோ என்ற நினைப்பு மட்டும் விடவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து அவளிடமிருந்து ஒரு இன்லண்டு கடிதம் வந்தது. மூன்று பக்கமும் நெருக்கி எழுதியிருந்தாள். அங்கேயும் பீடி சுற்றுகிற தாய்மாரின் பிள்ளைகளுக்காக ஒன்று தொடங்குகிறார்களாம். டிரஸ்ட் நல்லதா, சங்கம் நல்லதா? ஏழு பேரில் கணவனும் மனைவியும் இருக்கலாமா? சங்கம் பதிவாகும் முன்பே வீடு பிடிக்க வேண்டியிருக்கிறது, சீட்டை எப்படி எழுதுவது? "இங்கன கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுறாக. ஒங்களைவிட யாருக்கு இது தெரியும்" என்று முடித்திருந்தாள். மேலே, வெகுநாளைக்குப் பிறகு, அக்காவுக்கு என்று எழுதியிருந்தாள்.

அன்றைக்கே பதில் எழுதினேன். ஆறு தாள் வந்தது. சங்கமே வை, சட்டம் கேட்பது ஏழு, நீ எட்டு ஒன்பது பேராகச் சேர்த்துக்கொள், ஒருவர் விலகினாலும் குறையாது என்றேன். கணவனும் மனைவியும் இருக்கலாம், சட்டம் தடுக்காது, ஊர் பேசும் என்றேன். இப்போதைக்கு உன் பேரில் சீட்டு எழுது, ஆனால் அதிலேயே, பின்னால் பதிவாகும் சங்கம் இந்த இடத்தை எடுத்துக்கொள்ள வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்கிறார் என்று ஒரு வரி சேர்த்து, அதன்கீழ் அவர் கையெழுத்தைத் தனியாக வாங்கு என்றேன். அந்த வரியை அப்படியே எழுதி, கீழே கோடு போட்டேன். ஒன்றையும் விடவில்லை என்று மூன்று தடவை வாசித்துப் பார்த்துத்தான் தபாலில் போட்டேன்.

அவள் நன்றி சொல்லி எழுதினாள், ஒருதடவை வந்து பாருங்கள் என்று கூப்பிட்டாள். எல்லாம் நான் சொன்னபடியே நடந்ததாம், எழுபது பிள்ளைகளாம், கட்டடம் நல்ல காற்றோட்டமாம். பாளையங்கோட்டை ஒன்றும் தூரமில்லை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். போகவேண்டும் என்று ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நினைப்பேன். எங்களிடம் அப்போது ஐம்பத்திரண்டு பிள்ளைகள். நான் போகவில்லை.